லிட்டருக்குப் பதினெட்டு

செஞ்சியில் திண்டிவனம் ரோட்டு பிக்கப் ஸ்டாண்டுக்குப் போய் ஆதிமூலம் யார் என்று கேட்டால், நான்கு பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். பதினெட்டு எங்கே என்று கேட்டால், "இப்பத்தான் டீ குடிக்கப் போனாரு" என்று உடனே பதில் வரும். அந்த அளவுக்குப் பெயர் ஒட்டிப்போயிருந்தது. அவருடைய வண்டியின் பின்கதவிலும் அதுவேதான் ஒட்டியிருந்தது. மஞ்சள் ஸ்டிக்கர், ஒரு முழ உயரம், 18. பின்னால் வருகிறவர்கள் அதை வேகக் கட்டுப்பாடு என்று நினைத்துத் திட்டிக்கொண்டே முந்திப் போவார்கள்.

அது மைலேஜ். ஒரு லிட்டர் டீசலுக்குப் பதினெட்டு கிலோமீட்டர். ஸ்டாண்டில் நிற்கிற பதினோரு பிக்கப்பும் ஏறக்குறைய ஒரே ஜாதி வண்டிதான். பதின்மூன்று கொடுத்தால் நல்ல வண்டி, பதினைந்து கொடுத்தால் நல்ல டிரைவர். ஆதிமூலம் மட்டும் பதினெட்டு.

இந்தப் பதினெட்டு பிறந்த கதை சின்னது. டிராக்டர் கிளீனராக ஆரம்பித்து, பதினைந்து வருஷம் அடுத்தவன் வண்டியை ஓட்டிக் களைத்து, கடைசியில் சொந்தமாக பிக்கப் வாங்கி ஸ்டாண்டில் கொண்டுவந்து நிறுத்திய முதல் வாரம். இன்றைக்கு ஸ்டாண்டுத் தலைவராக இருக்கும் தேவேந்திரன் அன்றைக்கு வெறும் தேவேந்திரன். தன் வண்டி பதினைந்து கொடுக்கிறது என்று அவர் டீக்கடையில் அளந்துகொண்டிருந்தார். அது பொய் என்று ஆதிமூலத்துக்குத் தெரியும். மறுத்துப் பேச அலுப்பாக இருந்தது. "நம்மள்து பதினெட்டு" என்று சொல்லிவிட்டு டீயை உறிஞ்சினார். பதினாறு என்று சொல்லியிருந்தாலே போதும். கூட இரண்டு பாதுகாப்புக்காகப் போட்டது. அதற்கப்புறம் பதினோரு வருஷம் அந்த இரண்டையும் அவர் இறக்கி வைக்கவே முடியவில்லை.

வீட்டில் கதை வேறு. வீட்டில் அதே வண்டி பன்னிரண்டுதான் கொடுத்தது.

"இன்னா இவ்ளோ டீசல் குடிக்குது?" என்று மனைவி பவுனம்மாள் கேட்கும்போதெல்லாம், "இன்ஜின் அப்படி, பவுனு. பன்னண்டுக்கு மேல தரமாட்டேங்குது" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வார். உண்மையில் வண்டி கொடுத்தது பதினைந்து. ஊருக்கு மூன்றைக் கூட்டியும் வீட்டுக்கு மூன்றைக் குறைத்தும் சொல்லி, நடுவில் இருந்த உண்மையை யாருக்கும் காட்டாமல் காப்பாற்றி வந்தார்.

ஊருக்குச் சொன்னது வீம்புக்கு. வீட்டுக்குச் சொன்னது கடலுக்காக.

ஆமாம், கடல்தான். ஆறு வருஷத்துக்கு முன்பு மரக்காணத்தில் ஒரு லோடு செங்கல் இறக்கப் போனவர், கைகால் கழுவலாமென்று கரைக்கு நடந்தார். போனவர் முழங்கால் தண்ணீரில் நின்றபடி ஒரு மணி நேரம் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். செஞ்சியில் பிறந்தவனுக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று பக்கமும் மலை. எங்கே பார்த்தாலும் பார்வை கொஞ்ச தூரத்தில் முட்டிக்கொள்ளும். கடலில் முட்டிக்கொள்ள ஒன்றுமில்லை. அன்றிலிருந்து சென்னைக்கு லோடு அடித்துவிட்டுத் திரும்பும்போதெல்லாம் திண்டிவனத்தில் வலது பக்கம் செஞ்சிக்குத் திரும்பாமல் இடது பக்கம் திரும்பிவிடுவார். மரக்காணம் முப்பத்தைந்து கிலோமீட்டர். போகவர எழுபது. அந்த எழுபதுக்கான டீசலை மறைக்கத்தான் வீட்டுப் பன்னிரண்டு.

உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்றால், எப்படிச் சொல்வது? செஞ்சியில் ஒரு ஆம்பிளை சாராயத்துக்குப் போகலாம், சினிமாவுக்குப் போகலாம், மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு அமாவாசைக்கு அமாவாசை போகலாம். காரணமே இல்லாமல் கடலைப் பார்த்துவிட்டு வந்தேன் என்றால், மண்டையில் ஏதோ கழன்றுவிட்டது என்று மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள்.

வினை இந்த மாசியில் வந்தது. தேவேந்திரன் புது பிக்கப் வாங்கினார். ஷோரூமில் சொன்ன மைலேஜ் வேறு, ரோட்டில் வந்த மைலேஜ் வேறு. எரிச்சலில் இருந்த மனிதரின் கண் ஆதிமூலத்தின் பின்கதவில் விழுந்தது.

"புது வண்டியே பதினாலு தாண்டல. உன் ஓட்ட வண்டி பதினெட்டா? ஒரு தரம் அளந்துடலாம் மாமா."

"அளந்துக்கோயேன்" என்றார் ஆதிமூலம். வேறென்ன சொல்ல முடியும்?

பந்தயம் உடனே முடிவானது. மேல்மலையனூர் மாசித் திருவிழாவுக்குப் பத்து நாளும் கடைச் சரக்கு ஏற்ற பிக்கப்புகள் வரிசை கட்டும். யார் முன்னே, யார் பின்னே என்பதைத்தான் ஸ்டாண்டில் சீரியல் என்பார்கள். ஆதிமூலம் ஜெயித்தால் பத்து நாளும் முதல் சீரியல். தோற்றால் கடைசி. அதோடு, ஸ்டாண்டு மொத்தமும் பார்க்க அந்தப் பதினெட்டைத் தன் கையாலேயே சுரண்டி எடுக்க வேண்டும். கடைசி சீரியலைக்கூட அவர் தாங்கிக்கொள்வார். ஸ்டிக்கர் போவதைத்தான் தாங்க முடியாது. ஆதிமூலம் என்று கூப்பிட ஊரில் ஆள் இல்லாமல் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அதைச் சுரண்டிவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்?

அளக்கும் முறையில் யாரும் ஏமாற்ற முடியாது. செஞ்சி பங்க்கில் டேங்க் கழுத்து வரை டீசல் போட வேண்டும். வண்டியைப் பிடித்து ஆட்டி, நுரை அடங்கி, டீசல் கண்ணுக்குத் தெரிகிற வரை விட வேண்டும். முன் டயருக்கு அடியில் சாக்பீஸ் கோடு. கோயம்பேட்டில் நாற்பது சிப்பம் அரிசி, மொத்தம் ஒரு டன், இறக்கிவிட்டுத் திரும்பி வந்து அதே கோட்டில் அதே டயரை நிறுத்தி, அதே கழுத்து வரை மறுபடி நிரப்பினால், பிடித்த லிட்டர்தான் வண்டி குடித்தது. ஆதிமூலத்தின் வண்டியில் வேகம் காட்டும் முள் மட்டும் ஓடும், கிலோமீட்டர் எண்ணும் மீட்டர் எப்போதோ செத்துவிட்டதால், போகவர முந்நூறு என்று தேவேந்திரனே எழுதிக்கொண்டார். அந்த ரோட்டை ஓட்டாதவர் அங்கே யாருமில்லை என்பதால் யாரும் ஆட்சேபிக்கவில்லை. பதினேழு லிட்டருக்குள் பிடித்தால் ஆதிமூலத்துக்கு ஜெயம்.

வழியில் கள்ள டீசல் ஊற்றாமல் பார்த்துக்கொள்ள ஒரு சாட்சி வேண்டுமே? ஒருவரை ஒருவர் நம்பாத ஸ்டாண்டில், எல்லோரும் ஒரே குரலாகச் சொன்ன பெயர் பவுனம்மாள்.

ஸ்டாண்டுக்கு எதிரே டிபன் கடை வைத்திருக்கும் பவுனம்மாள் பொய் சொல்ல மாட்டாள் என்பது செஞ்சிக்கே தெரியும். "இட்லி எப்படிக்கா இருக்குது?" என்று கேட்டால், "நேத்து மாவு, புளிச்சிருக்குது, தோச சாப்புடு" என்பாள். சொந்தத் தம்பி பைக்கில் போய் ஒரு ஆட்டை இடித்தபோது, ஆட்டுக்காரன் கேட்டதும் வண்டி நம்பர் முதற்கொண்டு சொன்னவள். அவளுக்கென்று ஒரு சட்டம் உண்டு. கேட்டால் சொல்லுவாள். கேட்காததற்கு வாயைத் திறக்க மாட்டாள். ஊரே பதினெட்டு பதினெட்டு என்று கூப்பிட்டபோதும் அவள் ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பொய்யைக் கேலிக்குக்கூட வாயால் சொல்ல வராது அவளுக்கு.

ஆதிமூலத்துக்குத் தூக்கம் போனது. மனைவியே சாட்சி. பதினைந்து வந்தால் ஸ்டாண்டு சிரிக்கும், "அப்போ பன்னண்டுன்னியே?" என்று வீடு கேட்கும். பதினெட்டு வந்தாலோ வீடு இன்னும் சத்தமாகக் கேட்கும்.

கிளம்புகிற அன்று காலை, கேபின் தலையில் இருந்த "அங்காளம்மன் துணை" போர்டை ஸ்க்ரூடிரைவரால் கழற்றினார்.

"இன்னா பண்ற? அம்மன எறக்குற?" என்றாள் பவுனம்மாள்.

"காத்து புடிக்குது பவுனு. பலகைய தள்ளிக்கினு போறதுக்கே அர லிட்டர் போவும். போர்டு இருக்கணும்னு யாரும் சொல்லலையே."

அவள் போர்டை வாங்கித் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள். முன் சீட்டில் அவள் உட்காருவதே அபூர்வம். பதினோரு வருஷமாக அந்த சீட்டில் அரிசிக்காரனும் வேர்க்கடலை ஏற்றும் மல்லாட்டைக்காரனும்தான் உட்கார்ந்து போனார்கள்.

டயரில் காற்று கல்லாக இருந்தது. தார்பாய் படபடக்காமல் இழுத்துக் கட்டியிருந்தது. ஸ்பீடோமீட்டர் முள் நாற்பத்தைந்தைத் தாண்டவில்லை. பிரேக் மிதித்தால் டீசல் வீண் என்று, அரை கிலோமீட்டருக்கு முன்பே காலை எடுத்துவிட்டு வண்டியைத் தானாக ஊரவிட்டார். டோல்கேட்டில் இன்ஜினை அணைத்தார். அச்சிறுபாக்கம் அருகே, கூண்டில் கோழிகளோடு போன ஒரு மொபட் அவர்களை முந்தியது. கோழிகள் திரும்பிப் பார்த்துக்கொண்டே போயின.

மேல்மருவத்தூரில் வைக்கோல் லோடு லாரி ஒன்று கிடைக்கவே, காற்று மறைவுக்காக அதன் பின்னால் ஒண்டிக்கொண்டார். கேபினுக்குள் வைக்கோல் பறந்து வந்தது.

"மாடு கூட இவ்ளோ கிட்ட போவாது" என்றாள் பவுனம்மாள், தலையிலிருந்து ஒரு வைக்கோலை எடுத்தபடி. "தள்ளி ஓட்டு. அவன் பிரேக் அடிச்சா உன் மைலேஜ் அங்கயே முடிஞ்சுடும்."

தள்ளி ஓட்டினார். அரிசி இறக்கினார்கள். அவள் ஒன்று, இரண்டு என்று நாற்பது சிப்பத்தையும் எண்ணினாள். திரும்பும்போது வெறும் வண்டி பஞ்சாக வந்தது. மதுராந்தகம் தாண்டியபோது டீசல் முள்ளைப் பார்த்த ஆதிமூலத்துக்குக் கண்ணை நம்ப முடியவில்லை. முக்காலுக்குக் கீழே இறங்க மனமில்லாமல் நின்றது. மனத்துக்குள் வகுத்துப் பார்த்தார். மறுபடி வகுத்துப் பார்த்தார். பதினெட்டு! வாழ்நாளில் முதல் முறையாக வண்டி நிஜமாகவே பதினெட்டு கொடுத்துக்கொண்டிருந்தது. பதினோரு வருஷப் பொய் இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் உண்மையாகப் போகிறது. வாய்விட்டுக் கத்த வேண்டும் போலிருந்தது. சாட்சி பக்கத்தில் இருந்ததால் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

திண்டிவனம் வந்தது. வலது பக்க இண்டிகேட்டரைப் போட்டார்.

"லெப்ட்ல திரும்பு" என்றாள் பவுனம்மாள்.

"செஞ்சி இந்தப் பக்கம், பவுனு."

"தெரியும். நீ ஆறு வருஷமா திரும்புற பக்கம் திரும்பு."

கை ஸ்டியரிங்கில் அப்படியே நின்றுவிட்டது. வண்டியை ஓரம் கட்டினார். இன்ஜினை அணைக்க மறந்துபோனார். அவளே சாவியைத் திருகி அணைத்தாள்.

"எப்படித் தெரியும்?"

"உன் சட்டைய யார் தோய்க்கிறது? வேர்வ உப்பு வேற, கடல் உப்பு வேற. பேண்ட்டு மடிப்புல மண்ணு. ஒரு தரம் ஜோபில நண்டுக் காலு." அவள் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "மொதல்ல பொம்பள சமாச்சாரமோன்னு பயந்தேன். அப்புறம் அந்த மண்ணப் பாத்தேன். எந்தப் பொம்பளையும் ஒருத்தன அவ்ளோ மண்ணுல பொரட்டமாட்டா."

"கேட்டிருக்கலாமே?"

"கேட்டா நீ பொய் சொல்லுவ. பன்னண்டுன்னு சொல்லும்போதே உன் மூஞ்சி சகிக்கல. கூட ஒண்ணு வேணாம்னு வுட்டுட்டேன்."

ஆதிமூலத்துக்குக் காது சூடாகியது. "சரி, இன்னிக்குத்தானா போவணும்? எழுபது கிலோமீட்டர் ஆவும். அவனுங்க முந்நூறுதான் போட்டு வகுப்பானுங்க. அடுத்த வாரம் கூட்டிம்போறேனே."

"அடுத்த வாரம் இந்த சீட்டுல மல்லாட்டக்காரர் இருப்பாரு. இன்னிக்கு நான் இருக்கேன்." பிறகு, "நானும் கடலுக்குப் போயிருக்கேன். மாசி மகத்துக்கு மூணு தரம். மூணு தரமும் மனுசங்க தலையத்தான் பாத்தேன்" என்றாள்.

சொல்லிவிட்டு மடியில் இருந்த அம்மன் போர்டைத் தடவிக்கொண்டிருந்தாள். கெஞ்சவில்லை, கோபிக்கவும் இல்லை. ஆறு வருஷமாக ஒரு சந்தோஷத்தைத் தனியாகத் தின்றிருக்கிறோம் என்று அப்போதுதான் ஆதிமூலத்துக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. வலது பக்கம் இருபத்தெட்டு கிலோமீட்டரில் முதல் சீரியல் காத்திருந்தது. பின்கதவில் அந்தப் பதினெட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

இடது பக்கம் திரும்பினார்.

உப்பளங்களில் குவித்து வைத்திருந்த உப்பு கண்ணைக் கூச வைத்தது. கரையில் ஆள் இல்லை. பவுனம்மாள் அம்மன் போர்டை மணலில் சாய்த்துக் கடல் பக்கம் பார்க்க வைத்தாள். "நீயும் பாத்துக்க தாயே" என்றாள். பிறகு புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். முதல் அலை காலில் பட்டதும் "அடி ஆத்தி" என்று பின்வாங்கினாள். இரண்டாவதில் நின்றாள். மூன்றாவதில் புடவையை விட்டுவிட்டாள். அதற்கப்புறம் அவள் சிரித்த சிரிப்பை ஆதிமூலம் கல்யாணமான நாள் முதல் கேட்டதில்லை.

"இதான் சங்கதியா?" என்று கத்தினாள். "இத வுட்டுட்டு நான் அங்க சட்னி அரைச்சிக்கினு இருக்கேன்!"

ஒன்றரை மணி நேரம் இருந்தார்கள். திரும்பும்போது பாதி வழியில் ஆதிமூலம் கேட்டார்: "ஸ்டாண்டுல இன்னா சொல்லப் போற?"

"கேட்டா சொல்லுவேன்."

"கேக்கலன்னா?"

"கேக்காததுக்கு நான் எதுக்கு வாயத் தொறக்கணும்?"

நாலரைக்கு வர வேண்டியவர்கள் பங்க்குக்கு வந்தபோது மணி ஏழரை. ஸ்டாண்டே கூடியிருந்தது.

"இன்னா மாமா இவ்ளோ லேட்டு?" என்றார் தேவேந்திரன்.

"நாப்பத்தஞ்சுக்கு மேல மிதிக்கலயே" என்றார் ஆதிமூலம். அதில் பொய் இல்லை. கேள்வி அவரிடம் கேட்கப்பட்டதால் பவுனம்மாள் பேசாமல் இருந்தாள்.

சாக்பீஸ் கோட்டில் டயர் நின்றது. பங்க்கில் டீசல் போடுகிற இளவழகன் குழாயைச் செருகினான். பத்து, பதினைந்து, பதினாறு. கூட்டம் நெருங்கியது. பதினேழு. நிற்கவில்லை. வண்டியைப் பிடித்து ஆட்டினார்கள். பத்தொன்பது. இருபது. இருபதரையில் டீசல் கழுத்தில் எட்டிப் பார்த்தது.

தேவேந்திரன் போனில் வகுத்தார். "பதினாலு புள்ளி ஆறு!" விசில் பறந்தது. தன் புது வண்டியைவிடக் கொஞ்சம் அதிகம் என்பது மட்டும் அவர் முகத்தில் லேசாக உறுத்தியது. தலைவர் என்ற முறையில் சாட்சியிடம் திரும்பினார்.

"பவுனக்கா, வழியில டீசல் ஊத்தனாரா?"

"ஊத்தல."

"லோடு பாதியில எறக்குனாரா?"

"நாப்பது சிப்பமும் என் கண்ணு முன்னால எறங்குச்சு."

"எறங்கித் தள்ளுனீங்களா?"

"தள்ளல."

எந்த ரோட்டில் வந்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. சோதனையன்றைக்கு எவன் வேறு ரோட்டில் வருவான்? "வேற எதுனா சொல்லணுமாக்கா?" என்று மட்டும் கேட்டு வைத்தார்.

ஆதிமூலம் அவளைப் பார்த்தார். இது கேள்விதான். கேட்டால் சொல்லுவாள்.

பவுனம்மாள் யோசித்தாள். "நீ கேட்டதுக்கு எல்லாம் சொல்லிட்டேன். வேற எதுனா இருந்தா அத அவருதான் சொல்லணும்."

எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின. ஆதிமூலத்தின் நாக்கு நுனியில் கணக்கு தயாராக நின்றது. முந்நூறில்லை, முந்நூற்று எழுபது. இருபதரையால் வகுத்துப் பார், தம்பி. பதினெட்டு, அதற்கு மேலும் கொஞ்சம். சாட்சி பக்கத்திலேயே நிற்கிறாள், அவள் தலையசைத்தால் செஞ்சியே நம்பும். ஒரே ஒரு வாக்கியம் போதும்.

அவர் பவுனம்மாளின் புடவை ஓரத்தைப் பார்த்தார். ஈரம் காய்ந்து, மணல் ஒட்டியிருந்தது. சொல்லிவிட்டால் நாளைக் காலையில் அந்தக் கடற்கரைக் கதை ஸ்டாண்டு டீக்கடையில் கிடக்கும், தலைக்கு ஒரு வாய் மெல்லுவார்கள். அந்தச் சிரிப்பை அவர்களிடம் கொடுக்க அவருக்கு மனமில்லை.

"ஒண்ணும் இல்ல" என்றார். "சொரண்ட எதுனா குடுங்க."

பவுனம்மாளின் கடையிலிருந்து தோசைக் கரண்டி வந்தது. ஸ்டாண்டு மொத்தமும் சுற்றி நின்று கைதட்ட, ஆதிமூலம் குந்தி உட்கார்ந்து ஒன்றைச் சுரண்டினார், எட்டைச் சுரண்டினார். பதினோரு வருஷமாகப் பொய்யைச் சொன்னபோது நம்பிய ஊர், உண்மையாக இருந்த ஒரே நாளில் "புளுகன்டா!" என்று கூவியது. அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. குனிந்து அடக்கிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்து இளவழகன் தோளைத் தட்டிக் கொடுத்தான்.

கூட்டம் கலைந்தது. பவுனம்மாள் கரண்டியை வாங்கி, அதில் ஒட்டியிருந்த மஞ்சள் தாளை விரலால் வழித்துப் போட்டாள். அக்கம்பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். பொய் சொல்லவே வராத அந்த வாய் முதல் முறையாக அவரை அப்படிக் கூப்பிட்டது.

"இன்னா பதினெட்டு, பசிக்கலையா? வூட்டுக்குப் போலாம் வா."